குழம்பு ஒன்று, மிளகாய் மூன்று

நாகபுரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று அடுப்பில் இரண்டு குழம்புகள் கொதிக்கின்றன. ஒன்று பெரியவர்களுக்கு. மற்றொன்று இங்கேயே பிறந்து வளர்ந்த பேரப் பிள்ளைகளுக்கு, மிளகாயைக் குறைத்துச் செய்தது. சில வீடுகளில் நிலைமை இதற்கு நேர்மாறு. பிள்ளைகள் வெளியே சாவ்ஜி சமையலின் காரத்துக்குப் பழகிவிட்டார்கள். வீட்டுப் பெரியவருக்குத்தான் காரம் ஒத்துக்கொள்வதில்லை. எப்படியானாலும் பாத்திரம் இரண்டு, வேலையும் இரண்டு.

காரம் குறையட்டும் என்று ஆறு மிளகாய் போடும் இடத்தில் இரண்டு போடுகிறோம். காரம் குறைகிறது. கூடவே மணமும் நிறமும் போய்விடுகின்றன. வெளிறிப் போன அந்தக் குழம்பை ஒரு வாய் உண்ட குழந்தை, தனக்குச் சப்பாத்தியே போதும் என்று தட்டை நகர்த்திவிடுகிறது. நம் சமையல் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். உண்மையில் அந்தக் குழந்தைக்கு நம் குழம்பு இன்னும் அறிமுகமே ஆகவில்லை.

இதற்கு நான் கண்ட வழி எளியது. மிளகாயின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம், இரகத்தை மாற்றுங்கள். மணமும் நிறமும் நிறைந்து, காரம் மட்டும் மிதமாக உள்ள மிளகாய் நம் நாட்டிலேயே உண்டு. அவற்றுள் சிலவற்றை நம் பால்கனித் தொட்டியிலேயே வளர்க்கலாம். எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இக்கட்டுரை.

காரம் வேறு, மணம் வேறு

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. அறுசுவையில் கார்ப்பையும் ஒன்றாக வைத்தோம். ஆனால் இன்றைய அறிவியல் கணக்கில் காரம் நாவின் சுவையன்று; அது ஒரு வெப்ப உணர்வு. மிளகாயில் உள்ள காப்சாய்சின் என்ற பொருள், நம் நரம்புகளில் சூட்டை உணர்வதற்கென்றே உள்ள ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. சுமார் 43 டிகிரி சூடு பட்டால் எந்த வாயில் திறக்குமோ, அதே வாயில்தான் இது. ஆகவேதான் வாயில் ஒன்றும் சுடாமலே ‘எரிகிறது’ என்கிறோம். இந்த வாயிலை 1997இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஆர்டம் படபூட்டியனுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

இந்தக் காப்சாய்சின் மிளகாயில் எங்கே இருக்கிறது? விதையில் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது சரியன்று. ஒரு பச்சை மிளகாயை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். காம்பின் அடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு வெளிறிய நரம்பு ஓடும். விதைகள் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். காரம் உற்பத்தியாவது அந்த நரம்பில். விதைக்கு இருக்கும் காரம் நரம்போடு ஒட்டியிருப்பதால் வந்த பற்று. மிளகாயின் நுனியைக் கடித்தால் காரம் அவ்வளவாகத் தெரியாமல், காம்பை நெருங்க நெருங்க ஏறுவதும் இதனாலேயே.

நிறமும் மணமும் இருப்பது தோலில். சிவப்பு நிறம் தருவது காப்சாந்தின் என்ற நிறமி. அதற்கும் காரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பழுத்த தோலில் உள்ள சர்க்கரை முதலிய பொருள்கள், காயும்போதும் எண்ணெயில் வறுபடும்போதும் மாறித்தான் வற்றலின் மணமாகின்றன. ஆகவே சதைப்பற்றுள்ள தோலும் மெல்லிய நரம்பும் கொண்ட மிளகாயே நமக்கு வேண்டியது. ‘நல்ல சிவப்பாக இருக்கிறது, ஆகவே காரமாக இருக்கும்’ என்று கடையில் முடிவு செய்வது தவறான கணக்கு.

காரத்தை அளக்க ஓர் அலகும் உண்டு. 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியல் அறிஞர், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, காரம் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தார். அதுவே ஸ்கோவில் அலகு. குடைமிளகாய்க்கு இது பூஜ்யம். குண்டூர் சன்னத்துக்கு முப்பத்தையாயிரம், நாற்பதாயிரம் என்று சொல்வார்கள். வடகிழக்கு மாநிலங்களின் பூத் ஜோலோக்கியா பத்து லட்சத்தைத் தாண்டியதால், 2007இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. நம் சாம்பாருக்கு அந்த உயரமெல்லாம் தேவையில்லை. கீழ்ப்படிகளில் நிற்கும் மணமான மிளகாய்தான் நமக்கு உகந்தது.

எந்த மிளகாய், எதற்கு?

‘நல்ல மிளகாய் எது?’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. தாளிக்கவா, பொடிக்கவா, பச்சையாகப் போடவா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வேலைக்கும் மூன்று மிளகாயைச் சொல்கிறேன்.

*ராமநாதபுரம் குண்டு.* முண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள். உருண்டை வடிவம், தடித்த பளபளப்பான தோல், அடர்ந்த சிவப்பு. நன்றாகக் காய்ந்ததைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்கும். தாளிப்பதற்கு இதற்கு நிகரானது இல்லை. எண்ணெயில் விழுந்ததும் உப்பிக்கொண்டு, தோல் கருகாமல் மணத்தை விடும். முழுதாகப் போட்டால் நரம்பு உள்ளேயே அடைபட்டிருப்பதால் காரம் மெல்லத்தான் இறங்கும். வற்றல் குழம்பு, பருப்புத் துவையல், மோர் மிளகாய் ஆகியவற்றுக்கு ஏற்றது. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் போய் வருபவர்கள் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் பையில் கட்டிக்கொண்டு வருவார்களே, அதே மிளகாய். நாகபுரிக் கடைகளில் இதைத் தேடிப் பிடிப்பது அரிது. ஆகவே தொட்டியில் முதலிடம் இதற்குத்தான்.

*பியாடகி.* கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தில் உள்ள பியாடகி என்ற ஊரின் பெயரால் வழங்குவது. 2011இல் புவிசார் குறியீடு பெற்றது. காய்ந்ததும் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிவிடும். காரம் மிகக் குறைவு. நிறமோ மிக அதிகம். அதனாலேயே இதிலிருந்து நிறமியைப் பிரித்தெடுக்கும் ஒரு தொழிலே நடக்கிறது. இதில் இரு வகை உண்டு. நீண்டு மெலிந்தது ‘கட்டி’. கன்னடத்தில் குச்சி என்று பொருள். குட்டையாய்ப் பருத்தது ‘டப்பி’. இரண்டில் டப்பிக்குக் காரம் இன்னும் குறைவு, மணம் கூடுதல். அரைத்துவிட்ட சாம்பார், சாம்பார்ப் பொடி, பிஸிபேளாபாத் ஆகியவற்றுக்கு இது பொருந்தும்.

காஷ்மீரி மிளகாயும் இந்தக் குணம் உடையதே. ஆனால் அந்தப் பெயரில் கடையில் விற்பதெல்லாம் காஷ்மீரத்தில் விளைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மிதமான காரமும் நல்ல சிவப்பும் உள்ள வேறு வற்றல்களும் அதே பெயரில் விலை போகின்றன.

*பஜ்ஜி மிளகாய்.* மேற்கு இந்தியச் சந்தைகளில் பாவ்நகரி என்று கேட்டால் கிடைக்கும். விரல் தடிமனுக்கு மேல், இளம் பச்சை. காரம் மிகக் குறைவு. பச்சை மிளகாயின் வாசனை மட்டும் உண்டு. பஜ்ஜிக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்க வேண்டாம். அவியலிலும் கூட்டிலும் உப்புமாவிலும் சாதாரணப் பச்சை மிளகாய்க்குப் பதிலாக இதை அரிந்து போட்டால் குழந்தைகள் ஒதுக்கி வைக்காமல் சாப்பிடுவார்கள். மிளகாய்க்குப் பிள்ளைகளைப் பழக்க இதுவே முதற்பாடம்.

இந்த மூன்றோடு, இடம் இருப்பவர்கள் நம் மாவட்டத்துக்கே உரிய பிவாப்பூர் மிளகாயையும் முயன்று பார்க்கலாம். நாகபுரி மாவட்டத்துப் பிவாப்பூர் வட்டாரத்தின் பெயர் கொண்ட இதுவும் புவிசார் குறியீடு பெற்றதே. இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய செடி. வந்த ஊரின் மிளகாயையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே!

தவிர்க்க வேண்டியவை சில. விதைக் கடையில் ‘நன்றாகக் காய்க்கும்’ என்று எடுத்துக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் காரமான இரகமாகவே இருக்கும். டில்லி பூசா நிறுவனம் வெளியிட்ட பூசா ஜ்வாலா நல்ல இரகம்தான். ஆனால் பெயரிலேயே சுடர் இருக்கிறது. பூசா சதாபஹார் அதைவிடக் காரம். கொத்துக் கொத்தாக வானத்தைப் பார்த்துக் காய்க்கும் அது ஓரிரு ஆண்டுகள் நின்று பலன் தரும். காரம் விரும்புவோர் ஒரு செடி வைத்துக்கொள்ளட்டும். வற்றலில் ‘தேஜா’ என்று சொன்னால் அது கடுங்காரம் என்று அறிக. கேரளத்துக் காந்தாரி அளவில் சிறியது, செயலில் பெரியது.

வீட்டிலேயே ஒரு சோதனை

இரயில்வேயில் பணியாற்றிய நாளெல்லாம் எதையும் அளந்து பார்த்துக் குறித்து வைப்பதே எனக்குப் பழக்கம். மிளகாய்க்கும் அதையே செய்யலாம். விதைப்பதற்கு முன், ஒவ்வொரு இரக வற்றலிலும் ஐம்பது கிராம் வாங்கிக் கீழ்க்கண்டவாறு சோதித்துப் பாருங்கள்.

சம அளவான மூன்று சிறு பாத்திரங்களில் அரை லிட்டர் வீதம் பருப்புத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே அளவு உப்பு. ஒவ்வொரு இரகத்திலும் இரண்டு கிராம் வற்றலை நிறுத்து, கிள்ளி, கால் தேக்கரண்டி எண்ணெயில் வறுத்து, அதனதன் பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மிளகாயை எண்ணிப் போடக் கூடாது. நிறுத்துத்தான் போட வேண்டும். ஒரு குண்டும் ஒரு பியாடகியும் ஒரே எடை அல்ல. பாத்திரங்களுக்கு 1, 2, 3 என்று எண் மட்டும் ஒட்டுங்கள். எது எந்த மிளகாய் என்று சமைத்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

வீட்டில் உள்ள எல்லோரும், குழந்தைகள் உட்பட, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி ருசித்து மதிப்பெண் போடட்டும். காரத்துக்கு ஒரு கட்டம், மணத்துக்கு ஒரு கட்டம், நிறத்துக்கு ஒரு கட்டம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு வாய் தயிர் சாதம் உண்டு, ஐந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். காப்சாய்சின் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆகவே எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் அடங்காது. பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் அதைப் பற்றி எடுத்துக்கொண்டு போய்விடும்.

முடிவில் கட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். காரத்தில் குறைவாகவும் மணத்தில் கூடுதலாகவும் எண் வாங்கியது எதுவோ, அதுவே உங்கள் வீட்டு மிளகாய். ஒவ்வொரு வீட்டுக்கும் விடை ஒன்றாக இருக்காது. பிள்ளைகளும் சேர்ந்து மதிப்பெண் போட்டதால், பிறகு அந்தக் குழம்பு அவர்கள் தேர்ந்தெடுத்த குழம்பாகிவிடுகிறது. இது சிறிய லாபம் அன்று.

எத்தனை தொட்டி?

முன்பு இரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டின் பின்புறம் நாலு பாத்தி போட மண் இருந்தது. இப்போது பெரும்பாலோர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். ஆகவே ஆசைப்படுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வோம்.

மாதம் 250 கிராம் வற்றல் செலவாகும் வீடு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு மூன்று கிலோ. பழுத்த மிளகாய் காய்ந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எடைதான் தேறும். அப்படியானால் பன்னிரண்டு கிலோ பழம் வேண்டும். நன்கு பராமரித்த தொட்டிச் செடி ஒன்று ஒரு பருவத்தில் அரைக் கிலோ பழம் தருகிறது என்று கொண்டாலும், இருபத்து நான்கு தொட்டிகள் தேவை. இது பால்கனியில் நடக்கும் காரியமன்று.

ஆகவே வற்றல் முழுவதையும் வீட்டில் விளைவிக்கப் பார்க்காதீர்கள். பொடிக்கு வேண்டிய பியாடகியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கடையில் கிடைக்காததையும், பறித்த அன்றே சமைத்தால்தான் ருசிக்கும் என்பதையும் மட்டும் வளர்ப்போம். ஆறு தொட்டி உள்ளவர்களுக்கு என் யோசனை: குண்டு மூன்று, பியாடகி இரண்டு, பஜ்ஜி மிளகாய் ஒன்று. மூன்று குண்டுச் செடியிலிருந்து ஒன்றரைக் கிலோ பழம், அதிலிருந்து 375 கிராம் வற்றல். ஒரு வற்றல் ஒரு கிராம் என்று வைத்தால் 375 வற்றல். நாளொன்றுக்கு மூன்று தாளித்தாலும் நான்கு மாதம் தாராளமாக வரும்.

ஊர்ப் பஞ்சாங்கம் இங்கே செல்லாது

ராமநாதபுரத்தில் குண்டு மிளகாயைப் புரட்டாசி, ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பார்கள். அந்த நினைவில் நாகபுரியிலும் அக்டோபரில் விதைத்தால், நாற்று வளரும் பருவத்தில் டிசம்பர்க் குளிர் வந்துவிடும். செடி செத்துப் போகாது. ஆனால் அசையாமல் அப்படியே நிற்கும். இங்கே மழை ஜூனில் தென்மேற்கிலிருந்து வருகிறது. நாமும் அதை ஒட்டியே நடக்க வேண்டும்.

மே மாதக் கடைசி வாரத்தில், காலை வெயில் மட்டும் படும் நிழலான இடத்தில், சிறு கோப்பைகளில் விதையுங்கள். விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் போதும். இங்கே மே மாதத்து நேர் வெயிலில் வைத்தால் விதை வெந்துவிடும். ஏழு முதல் பதினான்கு நாளில் முளைக்கும். முப்பத்தைந்து, நாற்பது நாளில், அதாவது ஜூலைத் தொடக்கத்தில், சாண் உயர நாற்றைத் தொட்டிக்கு மாற்றலாம். செப்டம்பரில் பச்சைக் காய் பறிக்கலாம். அக்டோபர் முதல் ஜனவரி வரை பழம் வரும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலும் பூ உதிரும். இது செடியின் குறையன்று, பருவத்தின் இயல்பு.

பிப்ரவரியில் கிளைகளைப் பாதியாக வெட்டிவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் பச்சை நிழல் வலையின் கீழ் வைத்தால், நல்ல செடி மறு ஆண்டும் காய்க்கும். டில்லி, கான்பூர்ப் பக்கம் உள்ள உறவினருக்குச் சொல்வதானால், அங்கே உறைபனி செடியைக் கொன்றுவிடும். ஆகவே குளிர் விலகும் பிப்ரவரியில் விதைத்து மார்ச்சில் நடச் சொல்லுங்கள்.

மண், தண்ணீர், நோய்

தொட்டி பன்னிரண்டு அங்குல வாய் அகலமும் ஏறக்குறைய அதே ஆழமும் உடையதாக இருக்கட்டும். நம் விதர்ப்பத்துக் கரிசல் மண் வயலில் பொன். தொட்டியிலோ, நீர் வடியாமல் களியாக இறுகிவிடும். கரிசல் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். அடியில் துளையும், துளைமேல் ஓட்டாஞ்சில்லும் அவசியம். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறிப் போட்டால் இலைதான் மிகும், காய் வராது.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. செடியை அடிக்கடி வாடவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், அதே இரகத்தில் காரம் ஏறிவிடும். நமக்கு மிதமான காரம் வேண்டும் என்பதால், மேல்மண் காய்ந்ததும் தவறாமல் ஊற்ற வேண்டும். மேலும், பிஞ்சில் காரம் குறைவு. முற்ற முற்ற ஏறும். பச்சையாகச் சமைப்பதற்குச் சற்று இளசாகவே பறித்துக்கொள்ளுங்கள். வற்றலுக்கு மட்டும் செடியிலேயே முழுதும் பழுத்து, தோல் லேசாகத் தளரும்வரை விடுங்கள். அரைப்பழமாகப் பறித்துக் காயவைத்தால் நிறமும் வராது, மணமும் வராது.

இலை சுருள்வதுதான் எல்லோரும் சொல்லும் குறை. சுருளும் திசையைக் கவனியுங்கள். இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் அது இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்குமே, தொடக்கத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். செடி முழுவதும் குறுகி, இலை சிறுத்து மஞ்சளித்தால், வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. தயங்காமல் பிடுங்கி எறிந்து மற்றச் செடிகளைக் காப்பாற்றுங்கள்.

பறித்தபின்

பழுத்த மிளகாயை இரண்டு நாள் நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒரு சீராகும். பிறகு சுத்தமான துணியில் பரப்பி, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவிட்டு, இரவில் பனி படாமல் உள்ளே எடுத்துவையுங்கள். பூஞ்சை பிடித்த காயைத் துடைத்துச் சேர்த்துக்கொள்ளும் சிக்கனம் வேண்டாம், எறிந்துவிடுங்கள். சாம்பார்ப் பொடிக்கு மூன்று பங்கு பியாடகி, ஒரு பங்கு குண்டு என்று தொடங்கி, வீட்டின் நாவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இன்னும் காரம் குறைய வேண்டுமானால், வற்றலைக் கிள்ளி விதையைக் கொட்டிவிட்டு, உள்ளே ஒட்டிய நரம்பையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். தோல் முழுவதும் குழம்புக்கே போகட்டும். மிளகாய் அரிந்த கையை வெறும் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் போகாது; முதலில் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

விதையைக் காப்பது

குண்டு மிளகாய் விதைக்கு ஊரிலிருந்து வரும் புது வற்றலே போதும். நேராக விவசாயியிடமிருந்து, அந்த ஆண்டு வெயிலில் காய்ந்ததாக வாங்கி வரச் சொல்லுங்கள். பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்து, பத்து நாளில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆறு முளைத்தால் நல்ல விதை. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையாக இருந்தால், அதன் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல் வராது. பெயருள்ள நாட்டு இரகமே நமக்கு நல்லது.

இங்கே ஒரு பொதுவான சந்தேகம் எழும். பக்கத்துத் தொட்டியில் காந்தாரி இருந்தால் நம் குண்டு மிளகாயும் காரமாகிவிடுமா? இந்த ஆண்டுக் காய் மாறாது. ஏனெனில் தோலும் நரம்பும் தாய்ச்செடியின் பகுதிகள். ஆனால் தேனீ கொண்டுவரும் மகரந்தத்தால் உள்ளே உள்ள விதை கலந்துவிடும். அடுத்த ஆண்டுச் செடியில்தான் அது வெளிப்படும். இதைத் தடுக்க, பூ மலருமுன் மொட்டுள்ள ஒரு சிறு கிளையை மெல்லிய மல் துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். தினமும் காலையில் கிளையை லேசாகத் தட்டிவிட்டால் போதும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காய்களின் காம்பில் ஒரு வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். விதைக்கு அவை மட்டுமே.

மிளகாய் நம் நாட்டுப் பயிரே அன்று. தென் அமெரிக்காவும் மெக்சிகோவும் அதன் தாயகம். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம் சமையலில் காரம் தந்தது மிளகு. மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். கடல் கடந்து வந்த செடி ராமநாதபுரத்துக் கரிசலில் குண்டாகவும், பியாடகியில் சுருக்கம் விழுந்த சிவப்பாகவும், பிவாப்பூரில் வேறொன்றாகவும் மாறி, அந்தந்த ஊரின் பெயரையே பெற்றுவிட்டது. ஊர்விட்டு ஊர் வந்து வேர்பிடித்த நமக்கு இது புதிய கதையன்று.

இந்த மே மாதம் விதைப்பவர்களுக்குப் பொங்கல் சமயத்தில் நூல் கட்டிய பழங்கள் கையில் இருக்கும். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வரும்போது, காகிதப் பொட்டலத்தில் இரகத்தின் பெயரும், விதை எடுத்த மாதமும், உங்கள் வீட்டுச் சோதனையில் அது வாங்கிய மூன்று மதிப்பெண்களும் எழுதி, இருபது விதை கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டுக் குண்டு மிளகாய் விதையை நானும் கொண்டு வருகிறேன். மாற்றிக்கொள்வோம்.